ஊரறிந்த உளவாளிகளும் ராஜாமணியின் அண்டாவும்

முதலில் தப்புச் செய்தவன் கீழத்தெரு ஆண்டியப்பன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டைச்சாமி கோபித்துக்கொள்வார்.

மகள் சடங்குக்கு என்று கோட்டைச்சாமியிடம் அண்டாவை இரவல் வாங்கிப் போனான் ஆண்டியப்பன். அந்த மகள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷன் ஊருக்குப் போய்விட்டாள். அண்டா மட்டும் இன்னும் பிறந்த வீடு மாதிரி அங்கேயே கிடக்கிறது. போய்க் கேட்டால், "எந்த அண்டா?" என்பான், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

அது கோட்டைச்சாமியின் மனைவி ராஜாமணி சீராகக் கொண்டுவந்தது. விளிம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும். இப்போது பேரனுக்குக் காதுகுத்து வந்துவிட்டது.

"சோத்துக்கு ஒன்னு, குழம்புக்கு ஒன்னு, ரெண்டு அண்டா வேணும். வீட்டுல இருக்கிறது ஒன்னு," என்றாள் ராஜாமணி. "என் அண்டா வரலைன்னா பந்தியில குழம்பை ஊத்திட்டு, சோறு அடுத்த வருசம்னு நீங்களே சொல்லிருங்க."

முந்தின நாள்தான் கோட்டைச்சாமி டிவியில் ஓர் உளவாளிப் படம் பார்த்திருந்தார். அவருக்கு யோசனை மெதுவாக வரும், வந்தால் தங்காது. இதை அவரே ஒப்புக்கொள்வார். இந்த யோசனை தங்கிவிட்டது. அதுதான் கோளாறு.

மைத்துனன் இருளாண்டியையும் பந்தல்கார சவரிமுத்துவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எதிரிய நிழல் மாதிரித் தொடரணும். பொருளத் தடயம் இல்லாம எடுக்கணும். எல்லாம் ரகசியம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா," என்றான் இருளாண்டி. அவன் புரிந்தது என்றால் கோட்டைச்சாமி இன்னொரு தடவை சொல்வார். சொன்னார்.

மறுநாள் இருளாண்டி ஆண்டியப்பனுக்கு நிழலானான். காலையில் அவனுக்கு மேற்கே நீளமாகப் படுத்தான். உச்சி வெயிலில் அவன் காலடியில் சுருண்டான். ஆண்டியப்பன் டீக்கடைக்குள் போனபோது மட்டும் தெருவிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்டா உள்ள போகல?" என்று ராத்திரி விசாரித்தார் கோட்டைச்சாமி.

"உள்ள வெயில் இல்லையே மாமா. நிழல் எப்படி விழும்?"

கோட்டைச்சாமி யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"அவன் என் மேல மிதிச்சிட்டான் மாமா."

"வாயத் தொறந்தியா?"

"நிழல் எங்கயாச்சும் கத்துமா?"

"நீதான்டா ஆளு," என்று தட்டிக்கொடுத்தார்.

அடுத்த சிக்கல் சவரிமுத்துவிடமிருந்து வந்தது. "அண்ணே, பேனர் வைக்காம எந்தக் காரியத்த ஆரம்பிச்சிருக்கோம்?"

"இது ரகசியம்டா."

"ரகசியம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான அது ரகசியம்? ஒருத்தருக்கும் தெரியலைன்னா சும்மா இருக்கோம்னுல்ல நெனைப்பாங்க?"

இதுவும் கோட்டைச்சாமிக்குச் சரியாகத்தான் பட்டது. பஸ் ஸ்டாண்டில் பேனர் ஏறியது. அதில் மூன்று பேரும் கோட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றார்கள். "செவ்வாய் பகல் பதினோரு மணிக்கு ரகசியமாக அண்டா மீட்கச் செல்லும் எங்கள் உளவுச் சிங்கங்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கீழே சின்ன வட்டத்தில் ஆண்டியப்பனும் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் படம் எதுக்குடா?"

"விட்டுட்டா மனஸ்தாபம் வரும்ணே. ஒரே ஊர்க்காரன்."

செவ்வாய்க்கிழமை போனால், ஆண்டியப்பன் வாசலில் நாற்காலி போட்டு மோரோடு காத்திருந்தான். "வாங்க, வாங்க. படத்துல கொஞ்சம் கறுப்பா விழுந்துட்டேன்."

கோட்டைச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ வீட்டுல இருந்தா நாங்க எப்பிடிய்யா ரகசியமா எடுக்கிறது?"

"அதுவும் வாஸ்தவந்தான்." ஆண்டியப்பன் மோரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனான்.

கொல்லையில் அண்டா கோழிகளின் மேல் கவிழ்ந்திருந்தது. விளிம்பில் ராஜாமணி பேர். கோட்டைச்சாமி அதைத் துண்டால் துடைத்தார். தூக்கினார்கள். கோழிகள் ஓடின. மண்ணில் வட்டமாக ஒரு தடம்.

"தடயம்!" என்றான் இருளாண்டி.

துடைப்பத்தால் அழித்தார்கள். சவரிமுத்துவுக்கு நிம்மதி இல்லை. "அண்ணே, அண்டா இருந்த இடத்துல அண்டா இல்லைன்னா, அதுவே தடயந்தான? பாத்தவுடனே அண்டா போயிருச்சுன்னு கண்டுபிடிச்சிருவான்."

மூவரும் மண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். மோர் தீர்ந்தது. கடைசியில் கோட்டைச்சாமிக்குத்தான் வழி தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

வீட்டுக்கு ஓடி, இருந்த இன்னோர் அண்டாவைத் தூக்கிவந்து அதே இடத்தில் கவிழ்த்தார்கள். கோழிகளையும் பிடித்து உள்ளே விட்டார்கள். எறும்புக்குக்கூடத் தெரியாது.

மீட்ட அண்டாவை ராஜாமணி முன்னால் இறக்கினார் கோட்டைச்சாமி. அவள் பேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"இங்க இருந்தது எங்க?"

"அது... இது இருந்த எடத்துல இருக்கு."

ராஜாமணி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "சோறா, குழம்பான்னு யோசிச்சுச் சொல்லுங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுபடி மீட்கலாம். ஆனால் தடயம் தெரியாமல் அந்த இடத்தில் வைக்க மூன்றாவதாக ஓர் அண்டா வேண்டும். ஊரில் உபரியாக ஓர் அண்டா வைத்திருப்பவன் யார் என்று மூவரும் கூடி விசாரித்தார்கள். ஆண்டியப்பன் ஒருத்தன்தான் என்று தெரிந்தது.

கோட்டைச்சாமி நேரே போய் இரவல் கேட்டார். ஆண்டியப்பன் அண்டாவின் மேல் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊருல அண்டாவ இரவல் குடுத்தா திரும்பி வராது."

கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குமாய்யா?"