பச்சைச் சீமைக்குப் போன மான்

கோடை முற்றிய காட்டில், வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையின் கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. குட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே பார்ப்பதற்குத் தண்ணீரும் அதிகம் இல்லை. எல்லா மான்களும் கழுத்தை நீட்டி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன.

மேற்கே, பள்ளத்தாக்குக்கு அப்பால், ஒரு மலை. இந்தக் காடு காய்ந்து கருவாடாகக் கிடக்க, அந்த மலை மட்டும் உச்சியிலிருந்து அடிவாரம் வரை பச்சைப் பசேல் என்று இருந்தது. மான்கள் அதற்குப் பச்சைச் சீமை என்று பெயர் வைத்திருந்தன.

அந்தச் சீமைக்குப் போய்வந்தவர் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் பெயர் கவைக்கொம்பர். சில கோடைகளுக்கு முன்னால் போனார். விலா எலும்பு தெரியத் திரும்பி வந்தார். "நடைதான் தூரம், அதுல இளைச்சுட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சீமையைப் பற்றித்தான்.

"அங்கே புல்லு எப்படி மாமா?"

"இடுப்பு உயரத்துக்கு நிக்கும். குனியவே வேண்டாம்!"

"தண்ணி?"

"மேகமே தரையில இறங்கி நிக்கும். நாக்கை நீட்டினாப் போதும்!"

"புலி?"

"புலியா! அந்த வாசனையே அங்கே கிடையாது!"

ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்விகள், இதே பதில்கள். புல் மட்டும் வருடா வருடம் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தது. முதலில் முழங்கால் உயரம்தான் சொன்னார் என்று ஞாபகம் உள்ளவர்கள் சொல்வார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் சிவத்தி என்ற இளம் மான். அந்தக் கோடையில் குட்டை சேறாகிப்போனதும் கூட்டம் கூடிப் பேசியது. குட்டிகளையும் கூட்டிக்கொண்டு பச்சைச் சீமைக்கே போய்விடலாம் என்று முடிவாயிற்று.

"குட்டிங்களை வெச்சுக்கிட்டு எடுத்த எடுப்புல கிளம்ப வேண்டாம். நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வர்றேன். வந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்!" என்றாள் சிவத்தி.

எல்லா மான்களும் துள்ளின. கவைக்கொம்பர் மட்டும், "இப்ப எதுக்கு அவசரம்? மழை வந்தாலும் வரும்" என்று முனகிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

சிவத்திக்கு ஒரு தோழி இருந்தாள். வாலாயி என்ற மந்தி. மரத்தின் மேல் உட்கார்ந்து கொழுந்தும் பிஞ்சுமாகப் பறிப்பாள். தின்பது பாதி, சிந்துவது பாதி. சிந்துவதெல்லாம் கீழே நிற்கும் சிவத்திக்கு. புலி தூரத்தில் வந்தால் மேலே இருப்பவள் பார்த்துக் கத்துவாள். புதரில் பதுங்கி வந்தால் கீழே இருப்பவள் மோப்பம் பிடித்துக் கத்துவாள். இருவரும் உயிரோடு இருந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

"அடியே, அங்கே மரத்துமேல உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள் வாலாயி.

"இடுப்பு உயரப் புல்லு இருக்கிற ஊருல மரத்தை அண்ணாந்து பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து அக்கா?"

"புலி வந்தா யாரு சொல்லுவா?"

"அங்கேதான் புலியே கிடையாதே! உன் கூப்பாடு அங்கே எதுக்கு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள் சிவத்தி. வாலாயி கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டாள்.

சிவத்தி நடந்தாள். முள்ளும் பாறையுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கினாள். கால் வலித்தபோதெல்லாம் சீமையை நினைத்துக்கொண்டாள். அங்கே மலை மான்கள் வரிசையாக நின்று வரவேற்கும். 'எந்தக் காடு? கூட்டத்துல எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்கும். 'நல்ல இடமாப் பாத்து மேயுங்க' என்று ஒதுங்கி வழி விடும். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு காலை வேளையில் மலையை ஏறி முடித்தாள். சொன்னபடியே இடுப்பு உயரப் பச்சை! குனியவே வேண்டியதில்லை! ஆசையோடு ஒரு வாய் கவ்வினாள்.

கசப்பு. நாக்கு சுருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓரம்தான் இப்படி, உள்ளே நன்றாக இருக்கும் என்று உள்ளே போனாள். உள்ளேயும் கசப்பு. மேல் வரிசை, கீழ் வரிசை, எங்கே கடித்தாலும் அதே கசப்பு. புல் என்று ஒரு கீற்றுகூட இல்லை. மலை முழுக்க ஒரே செடி.

மேகம் தரையில் இறங்கி நின்றது, அது உண்மைதான். நாக்கை நீட்டினால் நாக்கு நனைந்தது. தாகம் தீரவில்லை. புலி வாசனை இல்லை, அதுவும் உண்மைதான். மான் வாசனையும் இல்லை. சௌக்கியமா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

செடிகளுக்கு நடுவே நிழலுக்காக ஒரு மரம் நின்றது. சிவத்தி அதன் அடியில் போய் நின்றாள். நின்று, பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து ஏதாவது விழும் என்று வெகுநேரம் வாயைத் திறந்தபடியே இருந்தாள். கிளையில் யாரும் இல்லை. "அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டு அவளுக்கே அழுகை வந்தது.

"அது கடிக்கற செடி இல்லைங்க அம்மிணி" என்றது ஒரு குரல்.

மலை மடிப்பில் சின்னதாக ஒரு சோலை இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கேளையாடு நின்றுகொண்டிருந்தது. மான் சாதிதான், ஆனால் குள்ளம், கூட்டமாக வாழாது.

"அது தேயிலை. மனுசங்க வெந்நியில போட்டுக் குடிக்கறது. ஆடு மாடுகூட வாய் வைக்காது. இந்தச் சோலையில நாலு தழை இருக்கு, வந்து தின்னுங்க. ஒருத்தருக்குத்தான் காணும், ஆனாலும் பரவால்ல."

சிவத்தி தழையை மென்றாள். "இங்கே வேற யாருமே இல்லையா அண்ணா?"

"நான்தான் இருக்கேன். முன்னால ஒருக்கா உங்களாட்டமே ஒருத்தர் வந்தாருங்க. பெரிய கொம்பு, ரெண்டா பிரிஞ்ச நுனி. நீங்க நின்ன அதே மரத்தடியிலதான் நின்னு அழுதாரு. ஊருக்குப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுன்னு அழுதாரு. சௌக்கியமா இருக்காருங்களா?"

சிவத்தி மெல்லுவதை நிறுத்தினாள். "சௌக்கியம்தான்" என்றாள்.

கேளை கிழக்கே பார்த்தது. தூரத்தில், வெயிலில், அவளுடைய காடு நீலமாகத் தெரிந்தது. "அந்த நீலக் காட்டுல இருந்துதானே வர்றீங்க? அங்கே குளிரே கிடையாதாமே? வாயைத் திறந்தா மரத்துல இருந்து கொழுந்து விழுமாமே? அவருதான் சொன்னாரு."

"விழும்" என்றாள் சிவத்தி. ஊர் ஏக்கத்தில் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. வாலாயி சிந்தும் கொழுந்தைச் சொன்னாள், சாயங்கால வெயிலைச் சொன்னாள், கூட்டமாகப் படுத்து அசைபோடும் சுகத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கேளையின் கண்கள் பளபளத்தன.

"நானும் ஒருநாள் வந்துடறேன் அம்மிணி!"

சிவத்திக்குப் பகீரென்றது. "வேண்டாம் அண்ணா! குட்டை வத்திப்போச்சு. புலி இருக்கு. தப்பிச்சு வர்ற ஒவ்வொரு நாளும் மறுபிறவிதான்!"

"நான் வந்துடுவேன்னுதானே இப்படிச் சொல்றீங்க?" என்று கேளை சிரித்தது. அவள் சொன்ன உண்மையை அது கொஞ்சமும் நம்பவில்லை.

சிவத்தி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வந்த வழியே திரும்பினாள். குட்டிகளை அழைத்துக்கொண்டு கூட்டம் கிளம்பிவிட்டால், ஒன்றுகூட உயிரோடு மலை ஏறாது. அந்தப் பயம்தான் அவளை நடத்தியது.

அவள் தலை தெரிந்ததும் கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. "புல்லு எப்படி? எவ்வளவு உயரம்? சொல்லு, சொல்லு!"

அத்தனை முகங்களிலும் அத்தனை ஆசை. 'பிரமாதம்' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்! போய் ஏமாந்தவள் என்ற பெயர் வராது. கூட்டத்துக்கு நடுவில் நின்றும், அந்த மரத்தடியில் நின்றதைவிட அப்போதுதான் அதிகத் தனிமையாக இருந்தது அவளுக்கு.

"அது புல்லே இல்லை. தேயிலைன்னு ஒரு கசப்புச் செடி. மலை முழுக்க அதுதான். நான் ஏமாந்துட்டேன். யாரும் போக வேண்டாம்" என்றாள்.

ஒரே கூச்சல்.

"நீ மலை உச்சிவரைக்கும் போகவே இல்லை!"

"தனியாத் தின்னுட்டு வந்து கதை விடறா!"

"அப்ப கவைக்கொம்பர் பொய்யா சொன்னார்? இன்னிக்கே கிளம்புவோம், வாங்க!"

தாய் மான்கள் குட்டிகளை முட்டி எழுப்பத் தொடங்கின. கேளை சொன்னதை உடைத்துச் சொல்லிவிட்டால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள். சிவத்தி அதைச் செய்யவில்லை. கூட்டத்துக்கு வெளியே தலை குனிந்து நின்ற கவைக்கொம்பரிடம் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மாமா, கேளை அண்ணன் உங்களை விசாரிச்சார். சௌக்கியம்னு சொன்னேன்."

கவைக்கொம்பர் தலையை நிமிர்த்தினார். "அந்த மரத்தடி..." என்றார்.

"நானும் அங்கேதான் நின்னேன் மாமா."

அவர் மெதுவாக நடந்துபோய்க் கூட்டத்துக்கு முன்னால், மேற்கே போகும் தடத்தை மறித்து நின்றார்.

"அவ சொன்னதுதான் நிஜம்" என்றார். குரல் உடைந்தது. "நான் அங்கே ஒரு வாய் தின்னதில்லை. சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரு தடவை சொன்ன பொய்யை அப்புறம் நிறுத்த முடியலை. நீங்க எல்லாரும் என்னைச் சுத்தி உக்காந்து கதை கேப்பீங்க. உங்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, இத்தனை வருசமா நான் அந்த மலையிலேயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவர் முகம் இடம் தரவில்லை. தாய் மான்கள் குட்டிகளைத் திரும்பப் படுக்க வைத்தன. ஒரு குட்டி மட்டும் எழுந்துபோய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

அந்தக் கோடை கடுமையாகத்தான் போயிற்று. யானைகள் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுகளில் மிச்சத் தண்ணீரைக் குடித்து, சருகைத் தின்று, கூட்டம் மழை வரை தாக்குப்பிடித்தது. மலை மட்டும் மேற்கே பச்சையாகவே இருந்தது.

திரும்பி வந்த அன்று சாயங்காலமே சிவத்தி பழைய மரத்தடியில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மேலே நிமிர்ந்து பார்க்கவும் துணிச்சல் இல்லை. சும்மா நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் மூக்கின் மேல் ஒரு கொழுந்து விழுந்தது.

போன இடத்தில் ஏமாந்ததை மறைத்து அந்த ஊரின் பெருமையையே பேசிக்கொண்டிருப்பவர், திரும்பி வந்த பிறகும் வீடு வந்து சேர்வதில்லை.