ஆறு மாதம் வராதவள்

"மேடம், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

தங்கப்பழம் இதைக் கேட்டபோது மாலை வகுப்பு கலைந்திருந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, வட்ட வழங்கல் அலுவலகத்தில் வேலை. பாடம் நடத்தும் நிலோபருக்கு இருபத்தெட்டு. கணினியின் வரலாறும் அறமும் என்பது பாடம்.

என்ன நடந்தது என்று நிலோபர் கேட்டார்.

அன்று காலை மாடத்தி என்ற வயதான பெண் ரேஷன் அட்டையோடு தங்கப்பழத்தின் மேசைக்கு வந்திருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போய் ஏழு மாதம் வெளியூரில் இருந்தாளாம். திரும்பி வந்தால் ரேஷன் கடையில் அவளுக்கு அரிசி இல்லை என்கிறார்களாம். தங்கப்பழம் பெயரைத் தட்டிப் பார்த்தார். இறந்துவிட்டார் என்று காட்டியது. உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"எதிர்ல நின்னு பேசுறாங்க. திரையில செத்துட்டாங்கங்குது. நான் எதை மேடம் நம்ப?"

நிலோபர் கரும்பலகையை அழித்து முடித்தார்.

"அவங்க இறந்துட்டாங்கன்னு முதல்ல சொன்னது யாருன்னு பார்த்துட்டு வாங்க சார்."

தங்கப்பழத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் புறப்பட்டார்.

கடைக்காரரைக் கேட்டார். பட்டியலில் பெயர் இருந்தால் எடை போடுவேன், இல்லையென்றால் மாட்டேன், எனக்கென்ன தெரியும் என்றார் அவர்.

மாவட்ட அலுவலகத்தில் கேட்டார். யாரும் கைவைக்கவில்லை, ஆறு மாதம் பொருள் வாங்காதவர்களை மென்பொருளே இறந்தவர்களாகக் குறித்துவிடும் என்றார்கள்.

அந்த மென்பொருளை எழுதியவனைத் தேடிப் பிடித்தார். அவன் இப்போது கோவையில் வேறு வேலையில் இருந்தான். தானாக எதையும் எழுதவில்லை என்றான். பழைய பதிவேடுகளைக் கொடுத்து இதன்படி செய் என்றார்களாம். ஆறு மாதம் வராத பெயருக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி. புள்ளி இருந்த பெயரெல்லாம் இறந்தவர் என்று கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதைத்தான் எழுதினான்.

கடைசியில், அந்தப் பதிவேட்டை எழுதிய கோயில்பிள்ளையைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது.

"புள்ளி வச்சது நான்தான்," என்றார் கோயில்பிள்ளை. "வச்ச வாரமே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். ஆள் இருந்தா புள்ளியை ரப்பரால அழிச்சிருவேன். இல்லைன்னாத்தான் கோடு."

வீட்டுக்குப் போனதைப் பதிவேட்டில் எங்கே எழுதினீர்கள் என்று தங்கப்பழம் கேட்டார்.

"நடந்ததையெல்லாமா எழுதுவாங்க?"

மூன்று வாரம் ஓடியிருந்தது. தங்கப்பழம் நோட்டு நிறையக் குறிப்போடு வகுப்புக்கு வந்தார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். போகும்போது இருந்ததைவிட இப்போது குழப்பம் அதிகம்.

"ஒருத்தர் சொன்னதும் பொய்யில்ல மேடம். அவங்கவங்க வேலையைத்தான் செஞ்சிருக்காங்க. அப்போ தப்பு யார் மேல?"

நிலோபர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"இவ்வளவு பேரைத் தேடிப் போயிருக்கீங்க. அந்தம்மா வீட்டுக்குப் போனீங்களா?"

தங்கப்பழம் நோட்டை எடுத்துப் பையில் வைத்தார்.

"சான்று வாங்கிட்டு அவங்களே வருவாங்கன்னு இருந்தேன்."

"வந்தாங்களா?"

"இல்ல" என்று சொல்லும்போதே அவர் எழுந்துவிட்டார்.