ஆறு பக்கமும் விளக்கு

“டீச்சர், இந்தத் தடவையும் போச்சு!” என்றார் மாசிலாமணி.

மேட்டூரில் முப்பது வருஷம் மீன்குஞ்சு வளர்த்த மனுஷர். இப்போது பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில், கண்ணாடித் தொட்டி முன்னால் மிதக்கிறார். அழாத குறை.

அங்கே அவருக்கு ஆசான் லூர்துமேரி. அவரைவிட இருபது வயது இளையவர். அருகே வந்து எட்டிப் பார்த்தார்.

உள்ளே முந்நூறு ஜிலேபி மீன்குஞ்சுகள். எடையே இல்லாத இடத்தில் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் பம்பரமாகச் சுற்றின. இரை வாய்க்கு முன்னால் மிதந்தும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

“மூணாவது தடவை பொரிச்ச குஞ்சுங்க. சாயங்காலம் நிலையத் தலைவர் வர்றார். இப்படியே சுத்தினா தொட்டியைக் காலி பண்ணிட்டுப் பாசி வளர்க்கச் சொல்லிடுவார். அப்புறம் இங்கே மீனே கிடையாது டீச்சர்.”

“இத்தனை விளக்கு எதுக்கு?”

“ஆறு பக்கமும் ஆறு. ஒரு குஞ்சுகூட இருட்டுல கிடக்கக் கூடாதுன்னு நானே மாட்டினேன்.”

சொல்லும்போது கொஞ்சம் பெருமை வேறு.

ஆசான் ஒன்றை அணைத்தார். இன்னொன்றை. அப்படியே ஐந்தையும்.

“ஐயையோ டீச்சர்! பச்சைக் குஞ்சுங்க!”

“பேசாம பாருங்க. மீனுக்கு வெளிச்சம் வர்ற பக்கம்தான் மேல்.”

கால்பக்கத்து விளக்கு ஒன்றுதான் மிச்சம்.

ஒரு குஞ்சு சுற்றுவதை நிறுத்தியது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முந்நூறும் அந்த ஒரே வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பின. ஒன்று இரையைக் கவ்வியது. அவ்வளவுதான், தொட்டி முழுக்கப் பந்தி களைகட்டியது.

“ஜெயிச்சுட்டோம் டீச்சர்! தின்னுதுங்க, பாருங்க!”

அவர் போட்ட கூச்சலில் நிலையமே திரண்டு வந்தது. சாயங்காலம் வரவேண்டிய தலைவர் சம்பந்தமும் அப்போதே வந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டாமா? முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா இது? எல்லாம் தலைகீழா நீந்துது! வயிறு மேலே தெரியுது! நோய் பிடிச்ச மீனை எவன் திம்பான்? காலி பண்ணுங்க.”

மாசிலாமணி ஆசானைப் பார்த்தார். ஆசான் கால்பக்கத்து விளக்கைக் கண்ணால் காட்டினார்.

மாசிலாமணிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. தலைவரின் இரண்டு கணுக்காலையும் பிடித்தார். அலுங்காமல் குலுங்காமல் அவரை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

தலைவர் தொட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான்யா நீந்துது,” என்றார்.