இந்த மலைக்கு முதலில் வந்தவர்கள்

தணிகைவேல் இருபது வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் கூடலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குச் சமூக அறிவியல் ஆசிரியராக வந்தார். பாடம் நடத்தும் விதத்தை மெஹருன்னிசா டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது சிறியவர்.

ஒரு புதன்கிழமை தணிகைவேல் ஏழாம் வகுப்பில் கேட்டார்.

"இந்த மலைக்கு முதல்ல வந்தவங்க யாரு?"

"எங்க பாட்டன் சார். காடு வெட்டித் தோட்டம் போட்டாரு" என்றாள் ஜின்ஸி. அவள் வீட்டில் மலையாளம்.

"சிலோன்ல இருந்து எங்க ஆளுங்க வந்தாங்க சார்" என்றான் நிரோஷன்.

பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிந்து மெல்ல எழுந்தாள்.

"நாங்க வரவே இல்ல சார்."

வகுப்பு சிரித்தது. "வராமத்தான் இங்க உக்காந்திருக்கியா?" என்று ஒரு குரல். தணிகைவேலும் சிரித்துவிட்டார்.

மறுநாள் பிந்து வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமையும் அவள் இடம் காலியாக இருக்கவே, அவர் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"கேலி பண்ணணும்னு சிரிக்கல டீச்சர். அவங்க எங்கிருந்தும் வரல, இங்கயேதான் இருந்தாங்க. அந்தப் புள்ள சொன்னதுதான் சரி."

"எப்பப் புரிஞ்சுது?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பிந்துவின் அம்மா வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். பிந்து கதவோரம் வந்து நின்றாள்.

"நீ சொன்னது சரிம்மா. நான் சிரிச்சது தப்பு" என்றார் தணிகைவேல்.

"சரின்னா ஏன் சார் சிரிச்சீங்க?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பாக்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா."

பிந்து உள்ளே போய்விட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வழிபாட்டு வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். தணிகைவேலுக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் குழப்பமும் வந்தது. டீச்சரைத் தனியே அழைத்தார்.

"அது புத்தகத்துல இருக்கற கேள்வி டீச்சர். அரையாண்டுப் பரீட்சையிலயும் வரும். திருத்தறதுக்கு எனக்குக் குடுக்கற விடைக்குறிப்புல வேற பதில் இருக்கு. இவ சொன்னதச் சொல்லிக்கொடுத்தா மத்த புள்ளைங்களுக்கு மார்க் போயிடும். புத்தகத்துல இருக்கறதச் சொன்னா இவளே போயிடுவா. இப்ப முதல் பீரியடு. நான் எதைச் சொல்ல?"

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புகளுக்கு ஓடினார்கள். டீச்சர் தன் வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அந்தப் பேப்பர யாரு சார் திருத்தப்போறது?"