திருத்தியதும் திருப்பியதும்

கிட்ட வந்து உட்காருங்க, ஃபேன் சத்தத்துல கதை பறந்துடும்.

கம்பெனிகள் எப்படிக் கடன் வாங்குது, லாபத்தை எப்படிப் பங்கு போடுதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை போடுற பத்திரிகை ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு ஆசிரியர், பேராசிரியர் மார்த்தாண்டன். அங்கே டைப் அடிக்கிறவ அஞ்சுகம், தற்காலிக வேலை. அந்த வருஷம் சிறந்த கட்டுரைப் பரிசை வெளியூர் நடுவர்கள் சாத்தூர் கல்லூரி பர்வீனுக்குக் கொடுத்தாங்க.

மார்த்தாண்டனுக்குப் பொறுக்கலை. பத்திரிகையில போடுற பரிசுச் செய்தியை அடிக்க அஞ்சுகத்தைக் கூப்பிட்டார். "செய்தியில என் பேர்தான் முதல்ல வரணும். நான் ரெண்டு தடவை திருத்திய கட்டுரைன்னு போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அவர் எங்கே திருத்தினார்? வேண்டாம்னு ரெண்டு தடவை திருப்பித்தான் அனுப்பினார். அவர் லீவுல போனப்போதான் கட்டுரை அச்சேறுச்சு. வேண்டாம்னு அனுப்பின அந்தக் கடிதங்களை அடிச்சதே அஞ்சுகம்தான். "சரிங்க ஐயா"ன்னா.

சாயங்காலம் பரிசை அறிவிக்கிற கூட்டத்துல, நடுவர்கள் முன்னாடி, "செய்தியைப் படிம்மா"ன்னார் மார்த்தாண்டன், நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு.

"பேராசிரியர் மார்த்தாண்டன் இரண்டு முறை திருப்பிய கட்டுரைக்கு இந்த ஆண்டின் பரிசு."

சபை சிரிச்சுது.

"ஏம்மா, திருத்தியன்னுதானே சொன்னேன்!"

"எழுத்து மாறிடுச்சுங்க ஐயா, இப்பவே மாத்திடறேன். நீங்க திருத்தின வரி ஒண்ணு சொல்லுங்க, அதையும் சேர்த்துடலாம்."

நடுவர்கள் அவர் வாயையே பார்த்தாங்க. அவர் அவசரமா கையை ஆட்டினார். "என் பேரே வேண்டாம், எடுத்துடு!"

"எடுத்துட்டா நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

"வா, வா, வந்து தொலை!"

அஞ்சுகம் அந்தப் பேரை அழிச்சா. காலியான இடத்துல பர்வீன் படத்தைப் பெரிசாக்கி வெச்சு, அச்சுக்கு அனுப்பிட்டா.