உச்சி வெயிலில் ஒரு பந்தயம்

தர்மபுரிப் பக்கம் நஞ்சப்பர் என்றொரு பெரிய நிலக்காரர் இருந்தார். அவருடைய அரை ஏக்கர் கரட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த மாதம்மாள், அதில் பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் பயிரிட்டாள். உள்ளே ஒரு பக்கம் தண்ணீர் சொட்டும் ஈரத்தட்டி, மறுபக்கம் பெரிய மின்விசிறி; விசிறி இழுக்கும் காற்று ஈரத்தட்டி வழியே குளிர்ந்து வரும்.

சித்திரையில் ஒருநாள் நஞ்சப்பர் ஆட்களோடு வந்து நின்றார்.

"பிளாஸ்டிக் கூரைக்குள்ள செடி வெந்துதான் சாகும். வெளியில நிக்கிற என் தக்காளியைவிட உன் செடி சுகமா இருக்குன்னு இன்னைக்கே நிரூபி. இல்லேன்னா நிலத்தைக் காலி பண்ணு!"

மாதம்மாள் கைகூப்பிச் சொன்னாள்: "செடிக்கு வாய் இல்லீங்க ஐயா. நீங்க உங்க செடிகிட்ட நில்லுங்க, நான் என் செடிகிட்ட நிக்கிறேன். யாரு முதல்ல ஓடறாங்களோ, அவங்க செடிதான் வாடுதுன்னு அர்த்தம்."

ஊரே பார்க்க, நஞ்சப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு தக்காளி வரப்பில் நின்றார். பன்னிரண்டு மணிக்குத் தலைத்துண்டு நனைந்தது. ஒரு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவர், நேராகப் பசுமைக்குடிலுக்குள் புகுந்து ஈரத்தட்டியோரம் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே சிரிப்பு வெடித்தது. மாதம்மாள் சிரிக்காமல் ஒரு சொம்பு மோர் நீட்டினாள். "உங்க காலே தீர்ப்பு சொல்லிடுச்சுங்க."

மோரைக் குடித்தவர் குரலைத் தாழ்த்தினார். "குத்தகை எத்தனை வருஷமானாலும் உனக்குத்தான் தாயே. என் கத்தரி நாத்து கருகுது. இங்க ஒரு மூலை கிடைக்குமா?"

"யாருமே நிலம் தராதப்போ நீங்கதானே தந்தீங்க. அதை மறப்பேனா? தாராளமா வைங்க."

மறுநாள் விடிந்ததும் நாற்றுத் தட்டைத் தாமே தலையில் சுமந்துகொண்டு வந்தார் நஞ்சப்பர்.