ஒரு சொட்டுகூடக் கசியாத கார்

கோணக்குளத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த சொரிமுத்து, மாடக்கண்ணு, இசக்கி மூவரும் அதுவரை ஒரு கார் கதவைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் தாணுமூர்த்தி பிள்ளை அவர்களைத்தான் கூப்பிட்டார். ரப்பர் வேலைக்கு ரப்பர் கடைக்காரன்தானே வேண்டும்? பிள்ளையும் கோணக்குளத்துக்காரர்தான்.

அவரிடம் கூரையை மடக்கித் திறக்கிற பழைய கார் ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் இளைய மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான். மூத்த மாப்பிள்ளையை அழைத்து வந்தபோது கதவிடுக்கு வழியாக மழை ஒழுகி, சீட்டு ஊறிவிட்டது. மனிதர் மண்டப வாசலில் இறங்கினார். பட்டுவேட்டியில் பின்பக்கம் மட்டும் ஈரம். ஊர் என்ன நினைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றுவரை அவர் மாமனார் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இளையவரும் அப்படிப் போய்விடக் கூடாதே என்று பிள்ளை கண்டிப்பாகச் சொன்னார். எங்கே ஓட்டை இருந்தாலும் ரப்பர் வைக்க வேண்டும். ஒட்டி முடித்த பிறகு பசை காய வேண்டும்; அதனால் நாலு மணிக்கு அவர் வந்து சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்து கிடந்த கூரையையும் அவர் சொன்ன பிறகுதான் மூட வேண்டும். சொல்லிவிட்டு மாலை வாங்கப் போனார்.

கதவைச் சுற்றி ரப்பர் பட்டையை ஒழுங்காகவே ஒட்டினார்கள். ஆறு முழம் மிச்சம். ஓட்டை தேடினார்கள். காரின் அடித்தரையில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். பிறகு சாவித் துவாரம், ஹாரன் வாய், புகைக்குழாய். மாடக்கண்ணு இசக்கியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுலயும் ரெண்டு இருக்குல்லா?"

சொரிமுத்து வெகுநேரம் யோசித்தான். "அது கார் ஓட்டை இல்லல. அவன் சொந்த ஓட்டை."

இசக்கி நன்றாக மூச்சு விட்டான்.

உள்ளே உட்கார்ந்து இழுத்தால்தான் கதவு இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும் என்று மூவரும் உள்ளே ஏறிச் சாத்தினார்கள். இரண்டு மணிக்கு மழை பிடித்தது.

கூரைதான் திறந்து கிடக்கிறதே, ஏறிக் குதித்துவிடலாமா என்று கேட்டான் இசக்கி.

"கதவு எதுக்குல இருக்கு? எறங்கத்தானே?" என்றான் சொரிமுத்து. "அதைத் திறக்கக் கூடாதுன்னா எறங்கக் கூடாதுன்னுதான் அர்த்தம்."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மாடக்கண்ணு தொழில் மறக்காதவன். முகத்தை முக்கி, கதவோரம் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"ஒரு குமிழி வரல. பஞ்சர் இல்ல."

மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

நாலு மணிக்குப் பிள்ளை குடையும் மாலையுமாக வந்தார். காருக்குள் மூன்று தலைகள் மிதந்தன. உள்ளே வந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை என்று சொரிமுத்து பணிவாகத் தெரிவித்தான்.

பிள்ளை காருக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, மாப்பிள்ளை வேட்டி என்னல ஆகும்?"

மூவரும் தலைகளைச் சேர்த்துக் கூடிப் பேசினார்கள். பிறகு சொரிமுத்து சொன்னான்:

"இந்தத் தடவ பின்பக்கம் மட்டும் நனையாது, ஐயா. நெஞ்சு வரைக்கும் ஒரே சீரா நனையும். ஊர்ல ஒருத்தனும் தப்பா நெனைக்க மாட்டான்."

பிள்ளை யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ சீக்கிரம் கூரையை மூடுங்கலே. மேல மழை விழுந்து மாப்பிள்ளை நனைஞ்சிரப் போறாரு."